வாடிக்கையாளரை அழைத்துவரும் வலைப்பதிவுத் தலைப்புகள்: கேள்வி பதில்

கேள்வி (மரச்சாமான் செய்து விற்பவர்): ஓராண்டில் பன்னிரண்டு பதிவுகள் எழுதிவிட்டேன். அவற்றைப் படித்துவிட்டு வந்ததாக ஒரு வாடிக்கையாளர்கூடச் சொன்னதில்லை. குறை தலைப்பிலா, எழுத்திலா?

பதில்: எழுத்தில் குறையில்லை, தலைப்புகளில்தான் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய பன்னிரண்டில் ஒன்பது பதிவுகள் புதிய பட்டறை, புதிய இயந்திரம், ஆண்டு விழா என்று உங்களைப் பற்றியே பேசுகின்றன. உங்கள் பெயரையே அறியாத ஒருவர் இவற்றைத் தேடி வர வழியில்லை. ‘ஒட்டுப்பலகைக் கட்டில் எத்தனை ஆண்டு உழைக்கும்’, ‘புதுக் கட்டில் ஏன் சத்தம் போடுகிறது’ என்பன போன்றவற்றைத்தான் அவர் தேடுகிறார். ஒரு மாதத்துக்குத் தொலைபேசியின் அருகில் ஒரு குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, வாங்குவதற்கு முன் மக்கள் கேட்கும் ஒவ்வொன்றையும் அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதி வாருங்கள். வாட்ஸ்அப்பில் வரும் கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று பேராவது கேட்ட கேள்வியை ஒரு தலைப்பாகக் கொள்ளலாம். அதைத் தொழில்மொழிக்கு மாற்றிவிடாதீர்கள்: நாம் ‘மூட்டுத் தளர்வு’ என்போம், அவர் ‘கட்டில் ஆடுகிறது’ என்றுதான் தேடுவார்.

கேள்வி (நீர் சுத்திகரிப்பான் பழுதுபார்ப்பவர்): நான் எழுத நினைக்கும் தலைப்புகளுக்கு மாதத் தேடல் எண்ணிக்கை பூஜ்யம் என்று, தேடல் சொற்களை ஆராயும் இணையக் கருவிகள் காட்டுகின்றன. அவற்றைக் கைவிடலாமா?

பதில்: கைவிட வேண்டாம். அந்த எண்கள் மதிப்பீடுகளே. நாள்தோறும் தன்னிடம் வரும் தேடல்களில் ஏறத்தாழ 15 சதவீதம் அதற்கு முன் ஒருபோதும் வராதவை என்று கூகுளே சொல்லியிருக்கிறது. அப்படியிருக்க, பூஜ்யம் என்று காட்டும் தலைப்பை யாருமே தேடவில்லை என்று முடிவுகட்ட முடியாது. ‘நீர் சுத்திகரிப்பான்’ என்று தேடுபவர் மாணவராக இருக்கலாம், வேடிக்கை பார்ப்பவராக இருக்கலாம். அந்தச் சொல்லுக்குப் பெரிய நிறுவனங்களோடு மோதி நீங்கள் முதல் பக்கத்துக்கு வருவதும் கடினம். ஆனால் ‘ஆர்ஓ தண்ணீர் திடீரென்று ஏன் உப்புக் கரிக்கிறது’ என்று தேடுபவரின் சமையலறையில் சவ்வு தேய்ந்துபோன ஒரு கருவி இருக்க வாய்ப்பு மிக அதிகம். மாதம் இத்தகையவர் ஐந்து பேர் வந்தால், சிறு தொழிலுக்கு அது ஐயாயிரம் வேடிக்கையாளர்களைவிட மேல்.

கேள்வி (வீட்டுக்கு வண்ணம் பூசும் ஒப்பந்தக்காரர்): விலையைப் பற்றி எழுதத் தயங்குகிறேன். போட்டியாளர்கள் பார்த்துவிடுவார்களே?

பதில்: அவர்களுக்கு உங்கள் விலை இப்போதே தெரியும், தெரியாதவர் வாடிக்கையாளர் மட்டுமே. என் மதிப்பில், சேவைத் தொழில் செய்யும் எவரும் முதலில் எழுத வேண்டியது ‘இதற்கு எவ்வளவு ஆகும்’ என்ற பதிவைத்தான். ஒரே தொகையைச் சொல்ல வேண்டியதில்லை. பழைய பூச்சைச் சுரண்டுவது, சுவரின் ஈரக்கசிவு, எத்தனை முறை பூசுவது, பொருளின் தரம் ஆகிய ஒவ்வொன்றும் செலவை எப்படி ஏற்றுகிறது, எங்கே சிக்கனம் செய்யலாம், எங்கே செய்யக் கூடாது என்று விளக்கி, குறைந்த அளவையும் கூடிய அளவையும் கொடுத்துவிடுங்கள். அதைப் படித்து விலகுபவர், நீங்கள் நேரில் போய் அளவெடுத்த பிறகும் விலகியிருப்பார். உங்கள் சேவை யாருக்குப் பொருந்தாது என்று எழுதினாலும் இதே பயன்தான். சொந்தக் குறையை எழுதக் கை வராது என்பது உண்மை. ஆனால் படிப்பவரின் நம்பிக்கை அங்கேதான் பிறக்கிறது.

கேள்வி (குளிர்சாதனப் பழுதுபார்ப்பவர்): எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட்டால் எனக்கு வேலை ஏது?

பதில்: வடிகட்டியைக் கழுவுவதைச் சொல்லிக்கொடுங்கள், அதற்காக உங்களை அழைப்பவரால் பெரிய வருமானமும் இல்லை. வடிகட்டியைக் கழுவியும் குளிரவில்லை என்றால் வாயுக் கசிவாகவும் இருக்கலாம், அதைத் தாமே தொடக் கூடாது என்று அதே பதிவில் எழுதுங்கள். அப்போது அவர் அழைப்பது உங்களைத்தான்.

கேள்வி (தையற்பயிற்சி நடத்துபவர்): முப்பது பதிவுகள் இருக்கின்றன. அடுத்த தலைப்பைச் செயற்கை நுண்ணறிவிடம் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம்; ஆனால் உங்கள் போட்டியாளருக்கும் ஏறக்குறைய அதே பட்டியல்தான் கிடைக்கும். அதைவிட, உங்கள் தளம் எந்தத் தேடல்களில் தோன்றுகிறது என்று காட்டும் கூகுளின் இலவசக் கருவியான செர்ச் கன்சோலைத் திறங்கள். அதன் செயல்திறன் அறிக்கையில் 16 மாதத் தரவு இருக்கிறது. பலமுறை காட்டப்பட்டும் சொடுக்குகள் குறைவாக உள்ள, தேடல் முடிவுகளில் உங்கள் சராசரி இடம் எட்டுக்கும் இருபதுக்கும் இடையில் உள்ள தேடல்களைப் பாருங்கள். நீங்கள் அரைகுறையாகப் பதில் சொன்ன கேள்விகள் பெரும்பாலும் அவைதாம். அவற்றுக்குப் புதிய பதிவு எழுதும் முன், பழைய பதிவைத் திருத்தினால் போதுமா என்று பாருங்கள். ஒரே கேள்விக்கு இரண்டு பதிவுகள் இருந்தால் ஒன்றாக்கிவிடுங்கள். ‘ஓவர்லாக் என்றால் என்ன’ போன்ற விளக்கத் தலைப்புகளுக்கு இப்போது தேடல் பக்கத்திலேயே விடை கிடைத்துவிடுவதால், அவற்றில் உழைப்பைச் செலவிட வேண்டாம். உங்கள் மாணவர்கள் முதல் வாரத்தில் எந்தத் துணியைப் பாழாக்குகிறார்கள், ஏன் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அடுத்த பதிவை அதிலிருந்து தொடங்குங்கள்.