கப்பில் புகையும் எபாக்சி: மதுரைக் கொட்டகையில் விமான இறக்கை ஒட்டலாமா?

கேள்வி: திருநகரில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, இரண்டு பேர் உட்காரும் காம்போசிட் (இழைத் துணியும் ரெசினும் சேர்ந்து இறுகியது) கிட் விமானம் ஒன்றைக் கட்டி வருகிறேன். சித்திரை வெயிலில் ரெசினும் ஹார்டனரும் சேர்த்துக் கலக்கிய எபாக்சிப் பசை கப்பிலேயே புகைந்து இறுகிவிட்டது. ஐப்பசி மழையில் போட்ட லேயர் மூன்று நாளாகியும் பிசுபிசுக்கிறது. கார் பம்பர் செய்யும் ஃபைபர் பட்டறைக்காரர், "எங்க ரெசினைப் போடுங்க சார், ஹார்டனரைக் கூட்டிக் குறைச்சா சரியாயிடும்" என்கிறார். இறக்கையின் மேல் ஓடு, கீழ் ஓடு இரண்டையும் இப்போது ஒட்டி மூடிவிடலாமா?

பதில்: இப்போது மூடாதீர்கள். அந்தப் பிசுபிசுப்பு என்னவென்று முதலில் தெரிய வேண்டும்.

அலுமினிய விமானம் கட்டுகிறவருக்குத் தகடு ஆலையிலேயே பலம் பெற்று வந்துவிடுகிறது. அவர் வெட்டித் துளை போட்டு ரிவெட் அடிக்கிறார். உங்களுக்கு வருவதோ கண்ணாடி இழைத் துணியும் இரண்டு டப்பா திரவமும். அவை விமானத்தின் உடம்பாக மாறுவது உங்கள் கொட்டகையில்தான். ஓடுகள் அச்சில் வார்த்து வந்திருந்தாலும் அவற்றைச் சேர்க்கும் ஒட்டு உங்களுடையது. அதனால் அன்றைய வெயிலும் ஈரமும்கூட அந்த இறக்கைக்குள் போய்விடுகின்றன.

பிசுபிசுப்புக்கு வருகிறேன். ஒரு மூலையில் வெறும் தண்ணீர் விட்டு, பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் தேய்த்துத் துடையுங்கள். காய்ந்ததும் விரல் நகத்தால் அழுத்துங்கள். பிசுக்கு போய், நகம் பதியாமல் கெட்டியாக இருந்தால் பயமில்லை. காற்றின் ஈரமும் கரியமில வாயுவும் ஹார்டனரோடு சேர்ந்து மெழுகு மாதிரி ஒரு படலம் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அதன் மேல் எதுவும் ஒட்டாது. கழுவிக் காயவைத்த பிறகே உப்புத்தாள் போட வேண்டும். முதலிலேயே தேய்த்தால் அந்த மெழுகு கீறல்களுக்குள் இறங்கிவிடும். கழுவிய பிறகும் நகம் பதிகிறதா? அப்படியானால் கலவை அளவு தப்பியிருக்கிறது, அல்லது சரியாகக் கலக்கவில்லை. அது நாளாக நாளாகச் சரியாகும் என்று காத்திருக்காதீர்கள். அந்த லேயரை முழுக்க எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். மனசு கேட்காது, தெரியும். நானும் ஒரு சுக்கானை இப்படி உரித்திருக்கிறேன். இரண்டு வாரம் போனது.

பட்டறைக்காரர் சொல்வது பாலியெஸ்டர் ரெசினுக்குப் பொருந்தும். பம்பருக்கு அது நல்ல சரக்கு. அதில் விடும் சொட்டு மருந்து வேலையைத் தொடங்கிவைப்பது மட்டும்தான், கொஞ்சம் முன்பின் ஆனாலும் சமாளிக்கும். எபாக்சியில் ஹார்டனரும் பொருளின் ஒரு பங்கு. ரெசினோடு கைகோத்து நிற்கிறது. குறைத்தால் கோக்க ஆளில்லாத ரெசின் மிஞ்சும், கூட்டினால் ஹார்டனர் மிஞ்சும். இரண்டிலும் ஒட்டு பலவீனம்தான். வெயிலுக்காக மாற்ற வேண்டியது அளவை அல்ல, ஹார்டனரை. அதே கம்பெனியின் மெதுவான வகையை, கிட் கையேடு அனுமதித்தால், வாங்குங்கள். இன்னொன்று, பட்டறை ரெசினில் ஒரு சொட்டைத் தெர்மாக்கோல் மேல் விட்டுப் பாருங்கள். கண்ணெதிரே குழி விழும். இறக்கைக்குள் தெர்மாக்கோல் இனத்தைச் சேர்ந்த பாலிஸ்டைரீன் நுரை இருந்தால் அதற்கும் அதே கதிதான்.

அளப்பதற்குத் தெற்காவணி மூல வீதி நகைக்கடைகளில் இருக்கிற மாதிரி டிஜிட்டல் தராசு வேண்டும். கையேட்டில் இருப்பது எடை விகிதமா, கொள்ளளவு விகிதமா என்று பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல.

அப்புறம் கப் புகைந்த விஷயம். எபாக்சி இறுகும்போது தானே சூடாகும். ஆழமான கப்பில் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. சூட்டால் வேகம், வேகத்தால் மேலும் சூடு. வெப்பம் 10 டிகிரி கூடினால் கையில் இருக்கும் நேரம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். 100 கிராமுக்கு மேல் ஒரே நேரத்தில் கலக்காதீர்கள். கலக்கியதும் அகலமான தட்டில் ஊற்றிப் பரப்புங்கள். துணியில் இறங்கும்போது வெள்ளை மறைந்து கண்ணாடி மாதிரி ஆகும். எங்காவது வெளுப்பு நின்றால் அங்கே ரெசின் போதவில்லை. மிதக்கும் ரெசினை ஸ்குவீஜியால் (வழிக்கும் ரப்பர் பட்டை) வழித்தெடுங்கள். அது எடையைத்தான் கூட்டும், பலத்தை அல்ல.

"சரி, விடியற்காலையில் குளிர்ச்சியாக இருக்கும்போது செய்யலாமே" என்று தோன்றும். நம் ஊரில் சிக்கலே அங்குதான். விடியலில் வெப்பம் குறையும்போது ஈரப்பதம் ஏறுகிறது. மதியம் ஈரம் குறையும்போது தகரம் கொதிக்கிறது. வீட்டில் கட்டுகிறவர்களிடம் இந்த இழைத் துணி, எபாக்சி முறையைப் பரப்பிய அமெரிக்க விமான வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டன், 1970-களில் கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் இருந்து வேலை பார்த்தார். உலர்ந்த காற்று. அந்த வழியில் வந்த வெளிநாட்டுக் குறிப்புகளில் பாதி, பட்டறையை எப்படிச் சூடாக்குவது என்றே பேசும். நமக்குத் தேவை அதற்கு நேர்மாறு. கொட்டகைக்குள் இறக்கை நீளத்துக்கு பாலிதீன் கூடாரம் கட்டி, தகரத்துக்கு அடியில் தெர்மாக்கோல் அடித்து, ஒரு ஏ.சி. வையுங்கள். அது குளிரோடு ஈரத்தையும் இழுத்துவிடும். 25 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே. வேலை முடிந்தவுடன் நிறுத்தாமல், இறுகும் வரை ஓடட்டும்.

ஒவ்வொரு கலவையிலும் கொஞ்சம் எடுத்து உள்ளங்கை அளவு துணித்துண்டு ஒன்று போட்டு, தேதி, வெப்பம், ஈரப்பதம், எடை எழுதி வையுங்கள். மறுநாள் அதை வளைத்து உடைத்துப் பார்க்கலாம். இறக்கையை அப்படிப் பார்க்க முடியாது. ஒட்டிய இடங்களை ஐந்து ரூபாய் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். 'டக்' என்று கேட்டால் நல்லது, 'டொப்' என்று அமுங்கினால் உள்ளே காற்று இருக்கிறது. கையுறையையும் முகமூடியையும் விடாதீர்கள். எபாக்சி ஒவ்வாமை வந்துவிட்டால் லேசில் விடாது.

பெயின்ட் வெள்ளைதான். சாதாரண வெப்பத்தில் மட்டும் இறுகிய பல எபாக்சிகள் 60 டிகிரி வாக்கில் இளக ஆரம்பிக்கும். சித்திரையில் வெளியே நிற்கும் அடர்நிறப் பரப்பு அதைத் தாண்டிவிடும்.

அனுமதிக்கு டி.ஜி.சி.ஏ.விடம் (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) இப்போதே எழுதுங்கள். மும்பையில் மொட்டை மாடியில் ஆறு இருக்கை விமானம் கட்டிய கேப்டன் அமோல் யாதவ், அதை 2016-ல் கண்காட்சியில் வைத்தார். பறக்க அனுமதி கிடைத்தது 2019-ல். உள்பக்கம் தெரியும்போதே படங்கள் எடுத்து, விவரம் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். மூடிய பிறகு யாரும் பார்க்க முடியாது. மழை ஓய்ந்து தை பிறக்கட்டும், கூடாரத்துக்குள் இரண்டு துண்டுகள் சரியாக இறுகி வரட்டும், அப்புறம் மேல் ஓடு ஒட்டும் வேலையைக் கையில் எடுங்கள்.