மகன் அழைக்கிறான், போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 59. வங்கிப் பணியில் விருப்ப ஓய்வு பெற்று, மனைவியுடன் நங்கநல்லூரில் வசிக்கிறேன். பெங்களூருவில் வேலை பார்க்கும் எங்கள் மகன், அடுத்த மாதம் வரும் என் அறுபதாவது பிறந்தநாளுக்கு, இந்திராநகரில் உள்ள ஒரு ப்ரூபப்புக்கு எங்கள் இருவரையும் சாப்பிட அழைத்துப்போவதாகச் சொல்கிறான். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை நண்பர்களுடன் கிளப்பில் பீர் குடிப்பேன். மகன் முன்னால் குடித்ததில்லை. மனைவி சுத்த சைவம், மதுவைத் தொட்டதே இல்லை. "எனக்கு அங்கே என்ன வேலை?" என்கிறாள். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். போகலாமா? போனால் எதைக் கேட்டு வாங்குவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை-61

பதில்: அன்புள்ள ஐயா,

போய்வாருங்கள், அம்மாவையும் அழைத்துக்கொண்டு.

உங்கள் கூச்சம் எனக்குப் புரிகிறது. மது என்றாலே டாஸ்மாக் கடையின் கம்பிக்கு முன்னால் முண்டியடிக்கும் கூட்டமும், வாங்கியதை வேட்டி மடிப்பில் மறைத்துக்கொண்டு போகிறவரும் நினைவுக்கு வருகிற ஊரில் வாழ்ந்துவிட்டு, பெற்ற பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து கிளாஸைத் தூக்குவது எளிதல்ல. ஆனால் உங்கள் மகன் எதையும் ஒளிக்காமல், அம்மாவையும் சேர்த்துத்தான் கூப்பிடுகிறார். அவர் கேட்பது உங்களோடு ஒரு சாப்பாடு. போவதற்கு முன் தொலைபேசியில், "நான் ஒரு கிளாஸ்தான் குடிப்பேன், அதுவும் சாப்பாட்டோடு, அம்மாவை யாரும் வற்புறுத்தக் கூடாது" என்று சொல்லிவிடுங்கள். மேஜையில் உட்கார்ந்த பிறகு இதைப் பேச நேர்ந்தால் மூவருக்கும் சங்கடம்.

ப்ரூபப் என்பது பீரை அங்கேயே காய்ச்சி, அங்கேயே பரிமாறுகிற உணவகம். பெங்களூருவில் இவை பெருகத் தொடங்கிய காலத்தில், 2010-இல், இந்திராநகரில் திறந்த டாய்ட் இன்றும் பலருக்குத் தெரிந்த பெயர். இத்தகைய இடங்களில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஆளுயரத்துக்கும் மேலான எஃகுத் தொட்டிகள் நிற்கும். அவற்றுக்குள் நடப்பது நம் வீட்டுப் பெண்களுக்குப் புதியதே அல்ல. கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி, ராகி மால்ட்டுக்கு அரைக்கிறோமே, அதையே பார்லியில் செய்தால் அது பீருக்கான மால்ட். அந்த மால்ட்டை ஏறக்குறைய 65 டிகிரி வெந்நீரில் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகிறது. வடித்த சாற்றை ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவோடு கொதிக்கவைத்து, ஆறவிட்டு, ஈஸ்ட் சேர்க்கிறார்கள். இட்லி மாவு கோடையில் சீக்கிரமும் மார்கழியில் மெதுவாகவும் புளிப்பதைப்போல, சற்றுச் சூட்டில் புளிக்கும் ஏல் வகை ஓரிரு வாரங்களில் தயாராகிவிடும். குளிரில் புளிக்கும் லாகருக்குப் பல வாரங்கள் பிடிக்கும். கிளப்பில் நீங்கள் குடித்தது பெரும்பாலும் வடிகட்டித் தெளிந்த லாகராகத்தான் இருக்கும்.

ஆகவே கிளாஸ் கலங்கலாக வந்தால், கெட்டுப்போனது என்று எண்ணிவிடாதீர்கள். வடிகட்டாத கோதுமை பீர் அப்படித்தான் இருக்கும். அதன் ஈஸ்ட் தருகிற வாழைப்பழ வாசனையும் கிராம்பு வாசனையும் நுரையிலேயே தெரியும். ஐஸில் வைத்த மக் வேண்டும் என்று கேட்காதீர்கள், அதிகக் குளிர்ச்சியில் அந்த வாசனை அடங்கிவிடும்.

எதைக் கேட்டு வாங்குவது என்றீர்கள். முதலில் சாம்ப்ளர் கேளுங்கள். நீளமான மரத்தட்டில் ஐந்தாறு சிறு கிளாஸ்களில் வகைக்குக் கொஞ்சமாக வரும்; மூவர் இருக்கும் மேஜைக்கு ஒரு தட்டு போதும். சில ஆண்டுகளுக்கு முன் தங்கை குடும்பத்தோடு நான் போயிருந்தபோது, குடிப்பழக்கமே இல்லாத என் தங்கை, வெளிர்மஞ்சளாக இருந்த ஒரு கிளாஸை மூக்கருகே கொண்டுபோய், "அக்கா, இதில் தனியா வாசனை வருகிறது" என்றாள். அவள் சொன்னது சரி. விட்பியர் என்ற பெல்ஜிய வகையில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் சேர்ப்பார்கள். அதன் பிறகு ஒவ்வொரு கிளாஸும் முதலில் அவளிடம்தான் போயிற்று. கறுப்பாக இருந்த ஸ்டவுட்டில் காப்பிக்கொட்டை வறுக்கும் மணம் என்றாள். அதுவும் சரி, அதில் வறுத்த பார்லி சேர்கிறது. ஒரு சொட்டும் குடிக்காமல் அன்று எங்கள் மேஜையில் அதிகம் ரசித்தவள் அவள்தான். "எனக்கு அங்கே என்ன வேலை?" என்று கேட்கும் உங்கள் மனைவியிடம் இதைச் சொல்லுங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது கோதுமை பீர் அல்லது விட்பியர். ஐபிஏ கசப்பும் ஆல்கஹாலும் கூடிய வகை, முதல்முறைக்கு வேண்டாம். டாய்ட்டில் பாஸ்மதி அரிசி சேர்த்த பாஸ்மதி ப்ளாண்ட் என்ற ஒன்று உண்டு. சங்க நூல்களில் தோப்பி என்று வரும் நெற்கள்ளை நினைத்துக்கொண்டு அதையும் ஒரு வாய் ருசித்துப் பாருங்கள்.

சாப்பாட்டில் அம்மாவுக்காக ஒன்றைக் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். பட்டியலில் பச்சைப் புள்ளி இருந்தாலும், உருளைக்கிழங்கு வறுவலைக் கோழி பொரித்த எண்ணெயிலேயே பொரிக்கிறார்களா என்று பரிமாறுகிறவரிடம் கேளுங்கள். அவர் தயங்கினால், பொரித்தது எதையும் வாங்காமல், அடுப்பில் சுட்ட காய்கறி பீட்சா போன்றவற்றுக்குப் போய்விடுங்கள். வாரநாள் மதியமாகப் பார்த்துப் போவது நல்லது. வெள்ளி, சனி இரவுகளில் பாட்டுச் சத்தத்தில் மூவரும் கத்தித்தான் பேச வேண்டியிருக்கும்.

இனி உங்கள் மாத்திரை விஷயம். இதை நான் மிகுந்த அக்கறையோடு எழுதுகிறேன். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் மது அருந்தினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். அது சில மணி நேரம் கழித்து, தூக்கத்திலும் நேரலாம். மயக்கமும் வியர்வையும் போதையைப்போலவே தோன்றுவதால், கூட இருப்பவர்களும் ஏமாந்துவிடுவார்கள். மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும் அளவு மீறினால் கேடுதான். கிளம்புவதற்கு முன் உங்கள் மருத்துவரிடம், "ஒரு கிளாஸ் பீர் குடிக்கலாமா?" என்று நேராகவே கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம். எலுமிச்சை சோடாவோடு அந்த வாசனைகளை அம்மாவோடு சேர்ந்து ரசியுங்கள். சரி என்றால், உணவு மேஜைக்கு வந்த பிறகுதான் முதல் வாய். 5 சதவீத பீர் 500 மில்லியில் ஏறக்குறைய 20 கிராம் ஆல்கஹால் இருக்கிறது; அது உடலை விட்டு நீங்க இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். உங்களுக்கு 330 மில்லி கிளாஸ் போதும். அன்றிரவு படுக்கும் முன் சர்க்கரையைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

மகன் கார் எடுத்து வருவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே குற்றம். முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். இந்திராநகரில் மெட்ரோ நிலையம் இருக்கிறது, ஆட்டோவும் கிடைக்கும்.

மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, வேறு வரி. அதனால் உணவுக்கும் பீருக்கும் தனித்தனி பில் வந்தால் குழம்ப வேண்டாம். இரண்டையும் மகனே கட்டட்டும். பழக்கதோஷத்தில் உங்கள் கை பர்ஸுக்குப் போகும். அன்று ஒரு நாள் அதை வெளியே எடுக்காதீர்கள்.