சிறுகதையின் கூறுகளில் முதலில் எதைக் கற்றுக்கொள்வது?

கதைப்பின்னல், பாத்திரம், களம், முரண், நோக்குநிலை, கரு என்று பட்டியலிட்டு, எதில் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு மூன்று கதைகளைப் பாதியில் விட்டவராக இருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். நான் நோக்குநிலையைத்தான் சொல்வேன். நடப்பதை யார் பார்க்கிறார் என்பது முடிவானால் மற்றவை பெரும்பாலும் பின்னாலேயே வரும்.

நான் மும்பை தாராவியில் வளர்ந்தவன். அப்பா விடியற்காலையில் சைக்கிளில் இட்லிப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு, ஹாரனை அழுத்தியபடி சயான் பக்கம் விற்கப் போவார். அதை வைத்து நான் எழுதிய முதல் கதையில் தொண்ணூறடி ரோடு, அப்பாவின் கடன், அம்மாவின் கவலை, தெரு வியாபாரிகளைப் பிடிக்க முனிசிபாலிட்டி வண்டியில் வந்தவரின் மனச்சாட்சி என்று எல்லாமே இருந்தன. படித்த நண்பர், “இத்தனை பேர் மனத்துக்குள்ளும் புகுந்து பார்த்தது யார்?” என்று மட்டும் கேட்டார்.

சைக்கிளின் முன்கம்பியில் சட்னித் தூக்கை மடியில் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் பத்து வயதுப் பையனின் பார்வையில் திருப்பி எழுதினேன். அவனுக்கு அப்பாவின் முகம் தெரியாது, கைகள்தான் தெரியும். ஆகவே முனிசிபாலிட்டி வண்டி திருப்பத்தில் தெரிந்ததும் ஹாரனை விட்டு பிரேக்குக்குத் தாவிய விரல்களும், அவன் உச்சந்தலையில் பட்டுக்கொண்டிருந்த மூச்சு சட்டென நின்றதுமே அப்பாவின் அச்சத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. கடனைப் பற்றி அவனுக்குத் தெரியாது என்பதால், அப்பா தினமும் ஒரு கடை வாசலில் இறங்கி, அவனுக்கு முதுகைக் காட்டியபடி சில்லறை எண்ணிக் கொடுப்பதாகக் கதைப்பின்னலே மாறியது.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. 1915இல் வெளியான வ.வே.சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ கதையைச் சொல்வதே அந்த மரம்தான். நகர முடியாத அந்த மரத்தால், வீடுகளுக்குள் நடப்பதைக் குளத்துக்கு வருபவர்களின் பேச்சிலிருந்துதான் அறிய முடியும். எல்லாம் அறிந்த கதைசொல்லியை வைத்து நல்ல கதைகள் இல்லையா என்று சிலர் சண்டைக்கு வரக்கூடும். நிறையவே உண்டு, ஆனால் கை பழகாத என்னைப் போன்றவர்களுக்கு அந்தச் சுதந்திரமே வினையாகிறது.

திருப்பி எழுதிய என் கதையை ஒரு போட்டிக்கு அனுப்பியபோது, ‘கருத்து வெளிப்படையாக இல்லை, தந்தை மகனுக்கு அறிவுரை சொல்வதாக முடித்திருக்கலாம்’ என்று எழுதித் திருப்பிவிட்டார்கள். கருவுக்கும் நீதிபோதனைக்கும் வேறுபாடு தெரியாதவர்கள் நடுவர்களாக இருந்ததை இன்றுவரை என்னால் சீரணிக்க முடியவில்லை. என் கதையில் வண்டி கடந்துபோன பிறகு அப்பா வாயே திறப்பதில்லை. பையன் கேட்பதெல்லாம் மறுபடி ஒலிக்கும் அந்த ஹாரனை மட்டும்தான்.