தோட்டத்தில் இருந்துகொண்டு பிரதேச சபைக்கு நின்றால் ஏதாவது செய்ய முடியுமா?

கேள்வி: “எனக்கு 28 வயது. அட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் முன்பள்ளி ஆசிரியை. அடுத்த பிரதேச சபைத் தேர்தலில் நிற்கச் சொல்லிக் கட்சிக்காரர்கள் வீட்டுக்கு வந்து போகிறார்கள். நின்றால் ஊருக்கு உண்மையிலேயே ஏதாவது செய்ய முடியுமா?”

நில்லுங்கள், தங்கச்சி. ஆனால் வந்தவர்களிடம் முதலில் ஒன்று கேட்டுவிடுங்கள்: வட்டாரத்திலா, மேலதிகப் பட்டியலிலா?

நான் 2018இல் வட்டாரத்தில் நின்று வென்று, 2023 மார்ச்சில் சபைகள் கலையும்வரை உறுப்பினராக இருந்தேன். இந்தத் தேர்தல் முறையில் நூற்றுக்கு 60 ஆசனம் வட்டாரம், அதாவது சபையின் ஒரு பகுதியில் நின்று நேரடியாக வெல்வது. மற்ற 40 பட்டியல், அதாவது கிடைத்த வாக்குக்கேற்பக் கட்சிக்கு வரும் ஆசனம். கட்சிகள் வட்டார வேட்பாளரில் 10 வீதம் பெண்களைப் போட்டால் போதும். மேலதிகப் பட்டியலில் 50 வீதம் போட வேண்டும். அதனால்தான் தேர்தல் நெருங்கியதும் ஆசிரியை, மாதர் சங்கத் தலைவி வீட்டுக் கதவையெல்லாம் தட்டுகிறார்கள். பட்டியலில் பெயர் இருந்தால் ஆசனம் வந்துவிடாது. கட்சிக்குக் கிடைத்த பட்டியல் ஆசனத்தை யாருக்குக் கொடுப்பது என்று தேர்தலுக்குப் பிறகு கட்சிச் செயலாளர்தான் முடிவு செய்வார். வட்டாரம் தராவிட்டால் யோசியுங்கள். சுயேச்சை என்றால் தனியாளாக நிற்க ஏலாது, முழுச் சபைக்கும் பட்டியல் நிரப்ப வேண்டும். வட்டாரத்தில் நின்றாலும் வாக்குச் சீட்டில் சின்னம்தான் இருக்கும், உங்கள் பெயர் இருக்காது. லயம் லயமாக ஏறி இறங்கும்போது முகத்தோடு சின்னத்தையும் சேர்த்துப் பதிய வைக்க வேண்டும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். எங்கள் தோட்டத்தில் கோயிலுக்குக் கீழே ஒரு முடக்கு. தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வரும் பிள்ளைகள் இரவு பஸ்ஸில் இறங்கி விடியுமுன் அந்த வழியாகத்தான் மேலே ஏறுவார்கள். கையில் பை, வாயில் போன் டோர்ச். சிறுத்தை நடமாட்டம் வேறு. அங்கே ஒரு லைட் போட வேண்டும், அவ்வளவுதான். தூண் மின்சார சபையுடையது. நிலம் அரசாங்கத்துடையது, தோட்டங்கள் 1992இல் கம்பெனிகள் கைக்குப் போனபின் நிர்வாகம் அவர்களுடையது. விளக்கு பிரதேச சபையுடையது. சபையில் கேட்டால் “அது தோட்டத்து ரோடு, துரையிடம் கேளுங்கள்” என்பார்கள். துரையிடம், அதாவது தோட்ட மேனேஜரிடம் போனால் “லைட் சபை வேலை, உங்கள் சபையிலேயே கேளுங்கள்” என்பார். இரண்டுமே நியாயம்போல்தான் இருக்கும்.

இந்தப் பந்தாட்டத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டித்தான் தோட்டத்துக்குள் சபைக் காசு போட ஏலாது என்று காலங்காலமாகச் சொல்லிவந்தார்கள். நாங்கள் வாக்களித்து உண்டாக்கிய சபை எங்கள் வாசலோடு நின்றுவிடும். தோட்டத்துக்குள்ளும் சபை வேலை செய்யலாம் என்று 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. திருத்தம் வந்தும் பழைய பதிலையே சொல்கிற உத்தியோகத்தர்கள் இருந்தார்கள். திருத்தத்தின் தமிழ்ப் பிரதியை ஃபைலில் வைத்துக்கொண்டு, மாதாந்த அமர்வில் பிரேரணையாகவே கொண்டுவந்தேன். நிறைவேறியது. பிறகு கம்பெனியின் சம்மதக் கடிதம், தொழில்நுட்ப உத்தியோகத்தரின் மதிப்பீடு என்று இழுத்து, ஒருவழியாக லைட் எரிந்தது. கடிதம் வாங்கத்தான் அதிகம் அலைந்தேன். ஒரு லைட்டுக்கா இவ்வளவு என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இன்னொன்றும் வெளிப்படையாகச் சொல்கிறேன். காணி உரிமை, தனி வீடு, நாட்சம்பளம், இதில் எதுவும் பிரதேச சபை கையில் இல்லை. மேடையில் அதைப் பேசித்தான் ஓட்டுக் கேட்பார்கள், உங்களையும் பேசச் சொல்வார்கள். நீங்கள் வடிகால், குப்பை, மயானம், வாசிகசாலை, முன்பள்ளி, சபைக்குரிய பாதை என்று பேசுங்கள். கைதட்டல் குறையும். ஆனால் அடுத்த வருஷம் கேள்வி கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் இருக்கும்.

தேர்தல்வரை காத்திருக்கவும் தேவையில்லை. உங்கள் வட்டாரத்தில் எந்தப் பாதை சபையுடையது, எது வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது, எது கம்பெனியுடையது என்று ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள். தெரியாததைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் சபையின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்லியாக வேண்டும். 2018 தேர்தலுக்கு முன் நுவரெலியா, அம்பகமுவ என்று இருந்த இரண்டு சபைகளை ஆறாகப் பிரித்தார்கள், தெரியும்தானே? எந்த ஃபைல் எந்தக் கந்தோருக்குப் போனது என்பதும் இப்படிக் கேட்டால்தான் தெரியவரும். இந்தக் கொப்பியோடு போனால் கட்சிக்காரரும் உங்களைப் பட்டியல் நிரப்ப வந்தவளாகப் பார்க்க மாட்டார்கள்.

காசு விஷயம்: 2023இல் வந்த தேர்தல் செலவுச் சட்டப்படி, வென்றாலும் தோற்றாலும் முடிவு வெளியாகி 21 நாளைக்குள் செலவுக் கணக்குக் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் அடித்த பில், ஓட்டோக் கூலி எழுதிய துண்டு எதையும் எறிந்துவிடாதீர்கள்.