ஓடைத் தண்ணீரில் மாவு மில் ஓடுமா?

கேள்வி: தோட்டத்துக்கு மேலே ஓடை இருக்கிறது. நவம்பரில் அளந்தபோது 200 லிட்டர் டிரம் 20 விநாடியில் நிரம்பியது. இறக்கம் 40 மீட்டர், பைப் 200 மீட்டர் வரும். கரண்ட் இல்லாமல் சாமை, கேழ்வரகு அரைக்கும் 2 எச்.பி. மில்லை ஓட்ட முடியுமா? 75 மி.மீ. பி.வி.சி. பைப் கைவசம் இருக்கிறது.
– வாசகர், கொல்லிமலை

பதில்: ஓட்டலாம், ஆனால் அந்தப் பைப்பில் வேண்டாம். விநாடிக்கு 10 லிட்டரை 75 மி.மீ. பைப்பில் விட்டால் 40 மீட்டர் இறக்கத்தில் 16 மீட்டருக்கு மேல் உராய்விலேயே போய்விடும். 110 மி.மீ. போட்டால் சுமார் 3 மீட்டர்தான் நட்டம். வேறு எதில் சிக்கனம் பிடித்தாலும் பைப்பில் பிடிக்காதீர்கள்.

மிச்சமுள்ள 37 மீட்டருக்குப் பெல்டன் சக்கரம் (விளிம்பிலுள்ள கிண்ணங்களில் தண்ணீர் பீய்ச்சி அடிக்கச் சுழலும் சக்கரம்) பொருந்தும்: 300 மி.மீ. விட்டம், தண்ணீரை ஜெட்டாகப் பீய்ச்ச 22 மி.மீ. வாயுள்ள ஒரே நாசில் (குறுகிய முனை). கிண்ணத்தின் வேகம் ஜெட்டின் வேகத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாக இருக்கும்போதுதான் முழு சக்தி கிடைக்கும். உங்களுக்கு அது நிமிடத்துக்குச் சுமார் 760 சுற்று. மில்லின் சுற்றுக்கு ஏற்ப புல்லியைத் தேர்ந்தெடுங்கள். 65 சதவீதத் திறன் என்று வைத்தாலும் தண்டில் 3 எச்.பி. வரும்.

ஆனால் நவம்பர் அளவை நம்பி இறங்காதீர்கள். மார்ச், ஏப்ரலில் மறுபடி டிரம் வையுங்கள். தண்ணீர் பாதியானால் சக்தியும் பாதி, 1.5 எச்.பி.தான், அப்போது தானியத்தைக் குறைத்துப் போட வேண்டும். அதோடு 16 மி.மீ. நாசிலையும் மாட்ட வேண்டும். பெரிய நாசிலையே விட்டுவைத்தால் மேலே பைப் தொடங்கும் தொட்டி வற்றி, பைப்புக்குள் காற்று புகுந்து, ஜெட் விட்டுவிட்டு அடிக்கும். பைப்பின் வாய் எப்போதும் ஓரடிக்குக் குறையாமல் தண்ணீருக்குள் இருக்கட்டும்.

வால்வைப் பட்டென்று மூடவே கூடாது. ஓடும் தண்ணீர் திடீரென நின்றால் 40 மீட்டர் அழுத்தத்தோடு இன்னும் 50 மீட்டர் சேரும். 60 மீட்டர் அழுத்தத்துக்கான 6 கிலோ பைப் தாங்காது. 10 கிலோ பைப்பும், திருகி மூடும் கேட் வால்வும் போடுங்கள். மில்லை நிறுத்த, ஜெட்டுக்கு முன்னால் இறக்கிவிடும் இரும்புத் தகடு ஒன்று போதும். பெல்ட் கழன்றாலும் அதுதான் கைகொடுக்கும். சுமையில்லாத சக்கரம் ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் சுற்றும்.

மணல்தான் பெரிய எதிரி. மேலே வண்டல் தொட்டியும் வலையும் கட்டாயம். நல்ல ஜெட் கண்ணாடிக் கம்பி மாதிரி நேராக வரும். நாசிலின் உள்விளிம்பு தேய்ந்தால் அது பூவாக விரியும். மில் சோர்வதற்கு முன்பே இது கண்ணில் படும். உடனே நாசிலை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: இறக்கமே இல்லாத வாய்க்காலில் சக்கரம் வைக்கலாமா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: விநாடிக்கு 1 மீட்டர் ஓட்டத்தில், ஒரு சதுர மீட்டர் பரப்பில் போகும் சக்தியே 500 வாட்தான். பலகைச் சக்கரத்துக்கு அதில் 100 வாட் கிடைத்தால் அதிகம், மில்லுக்குப் பற்றாது. ஓட்டத்தின் வேகம் இருமடங்கானால் சக்தி எட்டு மடங்காகும். அதனால் மதகை ஒட்டித் தண்ணீர் பாய்ந்து விழும் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நீர்வளத்துறை (முன்பு பொதுப்பணித்துறை) வாய்க்கால் என்றால் அனுமதி இல்லாமல் குறுக்கே எதையும் வைக்காதீர்கள்.