ஐஇஎல்டிஎஸ் லிசனிங்: மூன்றாம் பகுதியில் தடுமாறும் மாணவர்கள்

வணக்கம். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் லிசனிங் (கேட்டல்) பிரிவில், முதல் இரண்டு பகுதிகளை நன்றாக எழுதும் உங்கள் மாணவர்கள் மூன்றாவதில் சறுக்குவதாகச் சொல்கிறீர்கள். மாதிரித் தேர்வுகளை அடுக்கிக்கொண்டே போவதால் இது தீராது. மூன்றாம் பகுதியில் வருவது படிப்பு தொடர்பான விவாதம். ஒருவர் சொன்னதை மற்றவர் மறுப்பார், சில நேரம் சொன்னவரே மனம் மாறுவார். காதில் முதலில் விழுந்ததையே விடையாகக் குறித்தால் மதிப்பெண் போயிற்று.

ஒலிப்பதிவு ஒருமுறைதான் என்பது தேர்வறை விதி. வகுப்புக்கு அது வேண்டவே வேண்டாம். ஒரு நிமிடத் துண்டின் எழுத்து வடிவத்தைக் கையில் கொடுத்து, "ஆக்சுவலி", "ஐ சப்போஸ் ஸோ, பட்" வரும் இடங்களில் கோடிடச் சொல்லுங்கள். பிறகு தாளை வாங்கிக்கொண்டு மறுபடி ஒலிக்கவிடுங்கள். பேச்சு திரும்பும் இடம் காதுக்குப் பிடிபடும். ஒரு விடை தவறினால் உடனே அடுத்ததற்குத் தாவவும் பழக்குங்கள். வினாக்கள் ஒலிப்பதிவின் வரிசையிலேயே வருகின்றன.