முதல் ஆட்டத்தில் தோற்ற அணி சாஃப்ட்பால் கோப்பையை வெல்வது எப்படி?

அமெரிக்கப் பெண்கள் கல்லூரி சாஃப்ட்பால் (பேஸ்பால் போன்ற ஆட்டம்) சாம்பியன்ஷிப்பில், கடைசி எட்டு அணிகள் மோதும் கட்டத்தின் முதல் ஆட்டத்திலேயே தோற்ற ஓக்லஹோமா பல்கலைக்கழகம் 2021இல் எப்படிக் கோப்பையை வென்றது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கட்டத்தில் ஒரு தோல்வியோடு எந்த அணியும் வெளியேறுவதில்லை, இரண்டாவது தோல்வியே அதை வெளியேற்றும் என்ற விதிதான் காரணம்.

64 அணிகளுடன் தொடங்கும் போட்டி, நான்கு அணிகள் கொண்ட 16 வட்டாரச் சுற்றுகளாலும், பிறகு மூன்றில் இரண்டு ஆட்டங்களை வெல்ல வேண்டிய எட்டுத் தொடர்களாலும் சலிக்கப்பட்டு, எஞ்சும் எட்டு அணிகள் ஓக்லஹோமா சிட்டியில் கூடுகின்றன. அங்கு நான்கு நான்காகப் பிரியும் அணிகளில், தோற்றவை ஒரு தனிப் பாதையில் தங்களுக்குள் மோதி, அதில் தாக்குப்பிடிக்கும் அணி, தோல்வியே காணாத அணியை அடுத்தடுத்து இருமுறை வீழ்த்தினால்தான் இறுதிக்குச் செல்ல முடியும்.

ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திடம் 3-4 எனத் தோற்ற ஓக்லஹோமா அந்தக் கடினமான வழியில்தான் வந்தது: ஜார்ஜியாவையும் நடப்புச் சாம்பியனான யு.சி.எல்.ஏ.வையும் (லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) வென்று, அதே ஜேம்ஸ் மேடிசனை 6-3, 7-1 என இருமுறை தோற்கடித்தது. முந்தைய தோல்விகள் கணக்கில் வராத, மூன்றில் இரண்டு ஆட்டங்களை வெல்ல வேண்டிய இறுதித் தொடரிலும் முதல் ஆட்டத்தை ஃப்ளோரிடா ஸ்டேட்டிடம் இழந்துவிட்டு மற்ற இரண்டையும் வென்றது. (2024 வரை தொடர்ச்சியாக நான்கு பட்டங்களை அந்த அணி குவித்ததற்கு இதுவே தொடக்கம்.)

ஒரே பந்துவீச்சாளரின் சிறப்பான ஒரு நாள் முடிவையே மாற்றிவிடக்கூடிய, ஏழு இன்னிங்ஸ் மட்டுமே கொண்ட ஆட்டத்திற்கு இந்த முறையே மிக நியாயமானது என்பது என் உறுதியான கருத்து.